லாபம், ரெண்டு, மூணு, நாலு

டீசல் பிடித்த கையைச் சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவினால் ஒரு வாசனை வரும். டீசலும் முழுதாகப் போயிருக்காது, சீயக்காயும் முழுதாக நின்றிருக்காது. இரண்டும் சேர்ந்து மூக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம் முழுக்க, எங்கள் வீட்டில் அந்த வாசனைதான். சோற்றில் இருந்தது, தலையணை உறையில் இருந்தது, மாதா கோயில் பூசைக்குப் போகும்போது தலையில் போடுகிற முக்காட்டில்கூட இருந்தது. என் கையிலிருந்து வந்திருக்க வேண்டிய வாசனை அது. என் சித்தியின் கையிலிருந்து வந்தது. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது மொத்தமும் இவ்வளவுதான். பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் ஊர் பள்ளத்தூர். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு வெள்ளை அம்பாசிடர் கார் இருந்தது, டீசல் வண்டி. காரைக்குடி ஸ்டாண்டில் போட்டு வாடகைக்கு ஓட்டினார். பெரிய வீட்டு ஆச்சிமாரைத் திருக்கோஷ்டியூருக்குக் கூட்டிப் போவது, மெட்ராஸிலிருந்து கல்யாணத்துக்கு வந்து இறங்குகிறவர்களை ரயிலடியிலிருந்து ஏற்றி வருவது, மாப்பிள்ளை அழைப்புக்குப் பூக்கட்டி ஊர்வலம் போவது, இதெல்லாம் அவருடைய பிழைப்பு. எனக்கு ஒன்பது வயதில் அம்மா மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். அதற்குப் பிறகு மூன்று வருஷம் வீட்டில் அப்பாவும் நானும் மட்டுந்தான். வண்டியில் சவாரி இல்லாத நேரமெல்லாம் முன்சீட்டு என்னுடையது. அப்பா வண்டிக்குக் கீழே மல்லாந்து படுத்துக் கையை மட்டும் வெளியே நீட்டினால், அந்தக் கைக்கு "ரிங் ஸ்பானர்" வேண்டுமா "பாக்ஸ் ஸ்பானர்" வேண்டுமா என்று கேட்காமலே எனக்குத் தெரியும். ஸ்டாண்டில் இருக்கிற மற்ற டிரைவர்களிடம், "எம்மக பிலோ கைபடாட்டி இந்த வண்டி கெளம்பாதுய்யா" என்பார். அதைக் கேட்டுக்கொண்டு நான் நின்ற நிற்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கலெக்டர்கூட அப்படி நிற்க மாட்டார்.

பன்னிரண்டாவது வயதில், தை மாதம், சித்தி வந்தாள். அப்பா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவள். கல்லல் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண், மடத்துச் சிஸ்டர்களிடம் தையல் படித்தவள், முப்பது வயது வரை கல்யாணம் அமையாமல் இருந்தவள். மாற்றாந்தாய் என்றால் சூடு வைப்பாள், சோறு போட மாட்டாள் என்று பள்ளிக்கூடத்தில் தோழிகள் சொல்லி வைத்திருந்தார்கள். சூடு வைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். இவள் அதைக்கூடச் செய்யவில்லை. எனக்குத் தலை பின்னிவிட்டாள், பாவாடைக்குக் கரை மடித்துத் தைத்தாள், மீன் குழம்பில் நடுக்கண்டத்தை என் தட்டில் வைத்தாள். நான் அவளைச் சித்தி என்றும் கூப்பிடவில்லை, வேறு எதுவென்றும் கூப்பிடவில்லை. "இங்க பாருங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவேன், அவள் திரும்பிப் பார்ப்பாள்.

கல்யாணமாகி வந்த முதல் ஞாயிறு பூசைக்குக் கிளம்பினோம். நான் வழக்கம்போல முன்கதவைத் திறந்தேன். அப்பா, "பிலோ, நீ பின்னாடி உக்காருத்தா, சித்தி முன்னாடி வரட்டும்" என்றார். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் பின்னால் போய் உட்கார்ந்து, கோயில் வரும்வரை சித்தியின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். வயிறு எரிவது என்று சும்மா சொல்வார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். நிஜமாகவே எரியும், தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே.

அந்த மாசியிலேயே வண்டி புகை தள்ள ஆரம்பித்தது. ஆயிலைக் குடித்துக்கொண்டே இருந்தது. திருக்கோஷ்டியூருக்குப் போன ஓர் ஆச்சி, "என்னப்பா, பெருமாளைச் சேவிக்கப் போறமா, சாம்பிராணி போடப் போறமா?" என்று கேட்டுவிட்டார். அப்பாவுக்கு முகம் செத்துப் போயிற்று. காரைக்குடியில் ஒரு பட்டறையில் வேலை பார்த்த காதர் பாய் வந்து, வண்டியைக் கிளப்பச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "என்ஜினை எறக்கித்தான் ஆகணும்ண்ணே, பிஸ்டன், ரிங்கு, பேரிங்கு எல்லாம் போச்சு" என்றார். பட்டறையில் விட்டால் எத்தனை மாதம் கிடக்குமோ, நம் சாமான் எந்த வண்டிக்குப் போகுமோ என்று அப்பாவுக்குப் பயம். பங்குனியில் கல்யாணச் சவாரி அதிகம் இருக்காது, நமக்கும் தவக்காலம்; வீட்டிலேயே பிரித்து, நம் கண் முன்னாலேயே மாட்டி, வைகாசி முகூர்த்தத்துக்குள் வண்டியைத் தயார் பண்ணிவிடலாம் என்று முடிவாயிற்று. பாய்க்குப் பட்டறை விடுமுறை வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து இரண்டு மணிக்கு வருவார். எனக்கோ நாலரை மணிவரை பள்ளிக்கூடம். என்ஜின் வேலை மும்முரமாக நடக்கிற அந்த இரண்டரை மணி நேரம் எனக்கு இல்லாமலே போயிற்று. அந்த நேரத்தில் அப்பா கையை நீட்டினால் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது யார்? வேறு யார்!

நேமத்தான்பட்டியில் இடித்த ஒரு வீட்டின் தேக்கு உத்தரத்தை வாங்கி வந்து அப்பா கார்க்கொட்டகையின் குறுக்கே போட்டிருந்தார். அதில் சங்கிலிக் கப்பியை மாட்டி, பாய் இழுக்க, அப்பா தாங்க, என்ஜின் வண்டியை விட்டு மேலே வந்து தொங்கியது. பாய் அதற்காகப் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு வந்த ஒரு ஞாயிறு அது, அதனால் நானும் இருந்தேன். பிரிக்கப் பிரிக்கச் சாமான் வந்துகொண்டே இருந்தது. பழைய சாக்கை விரித்து அதில் வரிசையாக அடுக்கினோம்.

பாய் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நாலு பிஸ்டன். ஒவ்வொன்றின் கீழேயும் ஒரு தண்டு. அந்தத் தண்டு, கிராங்க் என்கிற சுழல் அச்சைக் கவ்விப் பிடிப்பதற்கு அடியில் அரைவட்டமாக ஒரு மூடி. அவர் அதைக் "கேப்பு" என்பார். பார்க்க நாலு கேப்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் எந்தத் தண்டோடு சேர்த்துக் கடைந்தார்களோ அதோடுதான் பொருந்தும். இந்த என்ஜினை ஏற்கெனவே யாரோ பிரித்து மாட்டியிருந்ததால் அதில் அடையாளத்துக்கு அடித்திருந்த புள்ளிகளை நம்ப முடியாது. "புருசன் பொண்டாட்டி மாதிரிண்ணே. ஒருத்தர் சோடிய இன்னொருத்தருக்கு மாத்தி வச்சா ஒட்டாது. ஓடுற மாதிரி ஓடும், அப்புறம் காவு வாங்கிரும்" என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகுதான் யார் வீட்டில் உட்கார்ந்து சொல்கிறோம் என்று உறைத்ததோ என்னவோ, பீடியைத் தேட ஆரம்பித்துவிட்டார். நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி சாக்கைப் பார்த்தாள். அப்பா, "பிலோ, நம்பர் எழுதிக் கட்டுத்தா" என்றார்.

ஆகா, எனக்கொரு வேலை! கோடு போட்ட நோட்டில் தாளைக் கிழித்து, ஸ்கெட்ச் பேனாவால் 1, 2, 3, 4 என்று இரண்டு வரிசை, தண்டுக்கு நாலு, கேப்புக்கு நாலு என்று எட்டுச் சீட்டு எழுதி, ஓட்டை போட்டு நூலில் கட்டினேன். கையெழுத்துப் போட்டியில் எனக்குப் பரிசு உண்டு. அந்த அழகில் எழுதினேன். சாமான்களை டீசல் தொட்டியில் ஊறப் போட்டார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் தாள் கூழாகி, ஊதாச் சாயம் மேலே மிதந்தது. நல்லவேளையாகத் தண்டுகளையும் கேப்புகளையும் பாய் வரிசை மாறாமல் வைத்திருந்ததால் மோசம் போகவில்லை. அப்பா திட்டவில்லை. "விடு, சின்னப்புள்ளதான" என்றார். மூன்று வருஷமாக நான் சின்னப்பிள்ளையாக இருந்ததே இல்லை, அன்றைக்குத்தான் ஆனேன்.

அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சித்தி ஒரு வேலை செய்து வைத்திருந்தாள். அப்பாவின் பழைய வேட்டியைப் பட்டை பட்டையாகக் கிழித்து, ஓரம் மடித்து, ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலால் எழுத்துத் தைத்திருந்தாள். "இது போகாதுங்க, நூலு" என்று அப்பா கையில் கொடுத்தாள். அப்பா ஒன்றை எடுத்து டீசலில் முக்கி, பிழிந்து, விரித்துப் பார்த்தார். அப்படியே இருந்தது. "பாருத்தா பிலோ, எப்படி நிக்கிது!" என்று என்னிடமே காட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தொட்டியைக் காலால் எட்டி உதைத்திருப்பேன், கால் வலிக்கும் என்பதால் விட்டேன்.

எட்டுப் பட்டையிலும் ஒன்று என்பதே இல்லை. இரண்டு, மூன்று, நான்கு இருந்தன. ஒன்றுக்குப் பதில் "லா" என்று தைத்திருந்தது. அப்பா, "இது என்னத்தா லா?" என்று கேட்டார். சித்திக்கு வெட்கம் வந்துவிட்டது. "எங்க வீட்டுல களத்துல நெல்லு அளக்கயில ஒண்ணுன்னு சொல்ல மாட்டாகங்க. ஒண்ணோட நின்னு போயிருமாம். லாபம்னுதான் ஆரம்பிப்பாக. லாபம், ரெண்டு, மூணு, நாலு... சின்னதுல இருந்து வாயில வந்துருச்சு, கையும் தன்னால அப்படியே தச்சுருச்சு" என்றாள்.

அப்பா சிரித்தார். சிரிப்பு என்றால் உங்கள் வீட்டுச் சிரிப்பு இல்லை. தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வந்து, கையிலிருந்த வேஸ்ட் துணியால் கண்ணைத் துடைக்கப் போய் நெற்றியெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டு சிரித்தார். அம்மா போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. மூன்று வருஷமாக நானும் என்னென்னவோ கோமாளித்தனம் பண்ணிப் பார்த்திருக்கிறேன், வாத்தியார் மாதிரி நடந்து காட்டியிருக்கிறேன், கோழி மாதிரி கத்தியிருக்கிறேன்; உதட்டோடு சரி. இவள் வந்து இரண்டே மாதத்தில், ஒரு துணியில் ஓர் எழுத்தைத் தைத்து, அதைக் கொண்டுவந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை பாய் வந்து பார்த்து, "நல்ல வாயி தங்கச்சி உனக்கு, லாபத்துலேயே ஆரம்பிப்பம்" என்று அவர் பங்குக்கும் சொன்னார். நான் போய்ப் புழக்கடையில் உட்கார்ந்து, கையில் கிடைத்த முருங்கை இலையையெல்லாம் உருவிப் போட்டேன்.

அதற்கப்புறம் கொட்டகையில் எனக்கு வேலையே இல்லை. போய் நின்றால், "கையெல்லாம் கறையாகும், நீ போயிப் பாடத்தப் பாருத்தா" என்பார் அப்பா. சித்தி கையில் கறை ஆகலாமாம். அவள் தேங்காய் எண்ணெயைத் தடவிக் கறையை எடுத்து, சீயக்காய் போட்டுக் கழுவி, அதே கையால் எனக்குத் தலை பின்ன வருவாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு புதன்கிழமை. மதுரைக்குக் கொண்டுபோய்க் கடைந்த என்ஜின் திரும்பி வந்துவிட்டது. புது பேரிங் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பாய் வந்து மாட்டுவதாக ஏற்பாடு. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அப்பா வெளியே போயிருந்தார், சித்தி குழாயடிக்குத் தண்ணீருக்குப் போயிருந்தாள். சாக்கில் எல்லாம் துடைத்து எண்ணெய் தடவி, வெள்ளைப் பட்டைகளோடு, சாமி அலங்காரம் மாதிரி இருந்தன. நான் உட்கார்ந்து, கேப்பு வரிசையில் "லா"வையும் "4"ஐயும் அவிழ்த்து, ஒன்று இருந்த கேப்பில் மற்றதைக் கட்டினேன். ஒரு நிமிஷ வேலை. என்ஜினைக் கெடுக்க வேண்டும் என்று சத்தியமாக நான் நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாட்டிப் பார்ப்பார்கள், சேராது, முழிப்பார்கள். நான் வந்து, "இங்க பாருங்கப்பா, நம்பரு மாறியிருக்கு" என்று கண்டுபிடிப்பேன். அந்தத் துணியும் சரியில்லை, அதைத் தைத்தவளும் சரியில்லை என்று அப்பாவுக்குத் தெரியும். "எம்மக கைபடாட்டி இந்த வண்டி கெளம்பாது" என்று அவர் வாயால் இன்னொரு தடவை சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அப்பாவுக்கு வெள்ளிக்கிழமைவரை பொறுக்க முடியவில்லை. வியாழக்கிழமை நான் பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, அவரும் சித்தியுமாகச் சீட்டைப் பார்த்துப் பார்த்து, லாபத்துக்கு லாபம், நாலுக்கு நாலு என்று சேர்த்து முடுக்கி, என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற அடிப்பாத்திரத்தையும் போட்டு மூடிவிட்டார்கள். நான் வந்தபோது இரண்டு பேரும் கொட்டகையில் உட்கார்ந்து ஒரே செம்பில் மாற்றி மாற்றித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சித்தி கன்னத்தில் ஒரு கறுப்புத் தீற்று. அப்பா, "பிலோ, முடிஞ்சிருச்சுத்தா! பாயே வேணாம், நாங்களே போட்டுட்டம்" என்றார். "நாங்களே" என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். திட்டுவார், ஓர் அடிகூடக் கொடுத்திருப்பார். அடிப்பாத்திரத்தைக் கழற்றி மாற்ற ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். வாயைத் திறந்தேன், அந்த "நாங்களே" குறுக்கே வந்து நின்றுகொண்டது. "சரிப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பாய், என்ஜினின் முன்னால் இருக்கிற சக்கரத்தில் ஸ்பானரைப் போட்டுச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைச் சுளித்தார். "ரொம்ப இறுக்கமா இருக்கேண்ணே. ஒரு தடவ தெறந்து பாத்துருவமா?" என்றார். நான் அவருக்கு டீ கொண்டுபோய் டம்ளரோடு நின்றேன். டம்ளர் சுட்டது. அப்பா, "புது பேரிங்கு, அப்படித்தான் இருக்கும். ஓட ஓட சரியாயிரும்" என்றார். தானே மாட்டியதைத் திறந்து பார்ப்பதா என்கிற ரோசம் அவருக்கு. பாய் என் கையிலிருந்து டீயை வாங்கிக்கொண்டு, "ஒங்க வண்டி, நீங்க சொன்னாச் சரி" என்றார். எனக்கு இரண்டாவது தடவையும் வாய் திறக்கவில்லை.

வண்டியில் என்ஜினை ஏற்றிய பிறகு, ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து, டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தார்கள். மூன்று இழுப்பில் படபடவென்று பிடித்துக்கொண்டது. தெருவே கை தட்டியது. அப்பா கயிற்றை அவிழ்த்துவிட்டு, "ஏறுங்க ரெண்டு பேரும், கோட்டையூர் வரைக்கும் போயிட்டு வருவம்" என்றார். நான் பின்கதவுப் பக்கம் போனேன். அதற்குள் சித்தி அந்தக் கதவைத் திறந்து உள்ளே ஏறி, "நீ முன்னாடி உக்காரு பிலோ, ஒங்க அப்பாவுக்கு நீ பக்கத்துல இருந்தாத்தான் ராசி" என்றாள்.

முன்சீட்டில் உட்கார்ந்தேன். அப்பா பாட்டு முனகிக்கொண்டு ஓட்டினார். இதற்குத்தானே இவ்வளவும் என்று நினைத்தேன், ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, என்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். பாதி தூரத்தில் அது வந்தது. முதலில் டக், டக் என்று மெல்ல, யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுவது போல. அப்பா பாட்டை நிறுத்தினார். பிறகு டங், டங் என்று தரையே அதிர, ஒரு கிறீச்சலோடு வண்டி நின்றுவிட்டது. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அவருடைய காது மடல் நடுங்கியதைப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்தேன். முன்சீட்டிலிருந்து எல்லாம் நன்றாகத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை பாய் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு வந்து பிரித்தார். இரண்டு இடத்தில் பேரிங் உருகி, கிராங்க் நீலம் பாரித்துக் கீறிப் போயிருந்தது. பாய் கேப்புகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது நாலோட கேப்பு. லாபத்துல போட்டிருக்கு. லாபத்தோடது நாலுல கெடக்கு" என்றார். அப்பா சித்தியிடம், "அந்தச் சீட்டெல்லாம் எங்கத்தா?" என்று கேட்டார். மாட்டும்போது வெட்டி எடுத்த பட்டைகளைச் சித்தி தையல் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தாள். கொண்டுவந்து ஒவ்வொன்றாகச் சாக்கில் வைத்தாள்.

தையல்காரி போடுகிற முடிச்சு ஒரு தனி முடிச்சு. வால் உள்ளே போய்விடும், வெளியே தெரியாது. ஆறு பட்டையில் அந்த முடிச்சு இருந்தது. இரண்டில் இல்லை. அவற்றில் இருந்தது, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ரிப்பனுக்குப் போடுகிற இரட்டை முடிச்சு. சித்தி அந்த இரண்டையும் விரலில் உருட்டினாள். என்னைப் பார்த்தாள். என் ரிப்பனைப் பார்த்தாள். பிறகு எட்டையும் வாரிக் கையில் மூடிக்கொண்டு, "நாந்தாங்க. கட்டயில லாபத்தையும் நாலையும் மாத்திக் கட்டிட்டேன்" என்றாள்.

அப்பா கையிலிருந்த ஸ்பானரைச் சுவரில் எறிந்தார். "எண்ணத் தெரியாதவ எதுக்குடி என்ஜின் பக்கம் வந்த?" என்று கத்தினார். அவர் 'டி' போட்டு யாரையும் பேசி நான் கேட்டதில்லை. பாய் தலையைக் குனிந்துகொண்டார். சித்தி பட்டைகளைத் தையல் டப்பாவில் போட்டு மூடினாள்.

கிராங்க் மறுபடி மதுரைக்குப் போயிற்று. வைகாசி முகூர்த்தமெல்லாம் போயிற்று. அப்பா அந்தக் காலம் முழுக்க வேறொருவருடைய வேனை வேளாங்கண்ணிக்கும் பழனிக்கும் ஓட்டினார். வாரக்கணக்கில் வீட்டுக்கே வரமாட்டார். வந்தாலும் சித்தியோடு முகம் கொடுத்துப் பேச மாட்டார், எல்லாம் என் வழியாகத்தான். "பிலோ, சாப்பாடு போடச் சொல்லு." "பிலோ, துண்டு எங்கன்னு கேளு." உண்மையைச் சொல்கிறேன், நான் சந்தோஷமாக இருந்தேன். ராத்திரி சித்தி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டால் மட்டும் தலையணையைக் காதில் வைத்துக்கொள்வேன். அவளிடம் எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. இந்தப் பெருந்தன்மையிலும் என்னை முந்திக்கொண்டாளே என்றுதான் வந்தது.

இதற்கு நடுவில், ஈஸ்டருக்கு முன்னால், பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "சாமி, முடிச்சை மாத்திக் கட்டிட்டேன்" என்றேன். வயதான சாமியார் திடுக்கிட்டு, "என்ன முடிச்சு? யார் கழுத்துல?" என்றார். "துணி முடிச்சு சாமி" என்றேன். அவருக்குப் போன உயிர் வந்தது. மூன்று அருள் நிறை மரியே சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு என்ஜினுக்கு மூன்று மந்திரம், மலிவுதான்.

ஆடியில் என்ஜின் திரும்ப ஓடியது. இந்த முறை பாயே எல்லாம் மாட்டினார். அன்று மத்தியானம் அப்பா கை கழுவிவிட்டு, புழக்கடையிலிருந்து, "ஏ லாபம், துண்டக் கொண்டா" என்று கத்தினார். யாரைக் கூப்பிடுகிறார் என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை. சித்திக்கு உடனே புரிந்தது. துண்டை எடுத்துக்கொண்டு அவள் ஓடிய ஓட்டத்தில் வாசல் குடம் உருண்டது.

அன்றிலிருந்து அவள் பேர் அதுதான். "லாபம், கெளம்பலாமா?" "லாபம் வச்ச கொழம்புய்யா இது." சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்: "ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியாம என் என்ஜினையே காவு குடுத்தவ இவ." சித்தி வாயைப் பொத்திக்கொண்டு, "போதும், சும்மா இருக்கீகளா" என்பாள். என் கல்யாணப் பந்தியில்கூட, என் மாமியார் வீட்டாரிடம், இலை போட்டுக்கொண்டே சொன்னார். என் அம்மாவை அவர் "பிலோ அம்மா" என்றுதான் கூப்பிடுவார். அதற்குமேல் ஒரு பேர் வைத்துக் கூப்பிட்டு எனக்கு ஞாபகம் இல்லை. இவர்கள் இரண்டு பேருக்கும் இடையில், முப்பது வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரிக்க ஒன்று இருந்தது. அதை அவர்களுக்குச் செய்து கொடுத்தது நான். என் கையால், ரிப்பன் முடிச்சுப் போட்டு. இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல!

வண்டி எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. காதர் பாய் இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது சிமென்ட் போட்டு, பக்கத்து வீட்டுப் பையன் பைக் நிறுத்துகிறான். தேக்கு உத்தரத்தை யாரோ ஹோட்டல்காரர் வாங்கிப் போய்விட்டார். இன்று என் வீட்டுக்காரரின் காரில் முன்மூடியைத் திறந்தால் உள்ளே கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் மூடி, அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. அப்பா போன வருஷம் இறந்துபோனார். சொல்லிக்கொண்டு போவதற்கு என்கிற மாதிரி ஒரு வாரம் படுத்தார், போய்விட்டார்.

வருஷத் திவசப் பூசைக்குப் போன மாதம் பள்ளத்தூர் போயிருந்தேன். எல்லோரும் போன பிறகு நானும் சித்தியும் மட்டும் இருந்தோம். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். இனியும் வைத்துக்கொண்டிருந்தால் நான் மனுஷி இல்லை என்று தோன்றியது. "சித்தி, அன்னைக்குக் கேப்புச் சீட்டை மாத்திக் கட்டுனது நானு" என்றேன்.

தெரியும் என்பாள் என்று நினைத்தேன். அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, முகமெல்லாம் வெளிறி, "அவுக இருக்கயில இத அவுககிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டாள்.

"இல்ல சித்தி, சொல்லவே இல்ல."

நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். ஊசியை மறுபடி எடுத்து நூல் கோத்தாள். பிறகு, என்னைப் பார்க்காமல், "நல்லதாப் போச்சு. யாருகிட்டயும் சொல்லிறாத பிலோ" என்றாள். "கடைசி ஒரு வாரம் நெனவு தப்பித் தப்பி வந்துச்சே, அப்பல்லாம் ஒங்க அம்மாவத்தான் கூப்பிட்டாக. 'பிலோ அம்மா, தண்ணி குடு'ம்பாக. நாந்தான் குடுத்தேன். அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல, மொதல்ல வந்தவ அவதான. எனக்குன்னு அவுக வச்சது அந்தக் கேலி ஒண்ணுதான். அதுவும் நான் செய்யாததுக்கு வந்ததுன்னு ஊரு சொல்ல ஆரம்பிச்சா, எனக்குன்னு அப்புறம் என்னத்தா இருக்கு?"

சொல்ல மாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். அழுதேன்கூட. வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகவில்லை. உங்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டேன், பாருங்கள்.